ரெஜெக்ஸில் கடைசிப் பொருத்தத்தை மட்டும் எடுப்பது எப்படி?

ரெஜெக்ஸ், அதாவது உரையில் வடிவங்களைத் தேடும் குறியீடு, இடமிருந்து வலமாகத் தேடும். அதனால் முதல் பொருத்தம் தானாகக் கையில் வந்துவிடும். கடைசிக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தச் சரத்தில் கடைசி எண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்:

கோப்பு 12, பக்கம் 345, வரி 67 சரி

பலரும் முதலில் எழுதுவது இது:

.*([0-9]+)

கிடைப்பது 67 அல்ல, வெறும் 7. முன்னால் இருக்கும் .* (எந்த எழுத்தும், எத்தனை முறையும்) பேராசைக்காரன். முடிந்தவரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, அடைப்புக்குறிக்குப் பிழைக்க ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் விட்டுவைக்கும். அதைச் சரியான இடத்தில் நிறுத்த, எண்ணுக்கு முன்னால் இலக்கம் அல்லாத ஓர் எழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள்:

(?:.*[^0-9])?([0-9]+)

இப்போது முதல் குழுவில், அதாவது ([0-9]+) பிடித்ததில், 67 இருக்கும்; (?: என்று தொடங்குவது குழுவாக எண்ணப்படாது. அதன் மூடும் அடைப்புக்குறிக்குப் பின்னால் இருக்கும் கேள்விக்குறியை விட்டுவிடாதீர்கள்; சரம் எண்ணிலேயே தொடங்கி வேறு எண் இல்லாவிட்டால் அதுதான் காப்பாற்றும்.

குழுவே வேண்டாம் என்றால் முன்நோக்கு (lookahead), அதாவது அடுத்து வருவதை விழுங்காமல் எட்டிப் பார்ப்பது:

[0-9]+(?!.*[0-9])

‘இதற்குப் பின்னால் இன்னோர் இலக்கம் இருக்கக் கூடாது’ என்று பொருள். படிக்க எளிது. ஆனால் ஒவ்வொரு எண்ணிலும் நின்று மீதிச் சரத்தைத் துழாவும், மிக நீளமான சரத்தில் மெதுவாகும். செட் (sed) போன்ற உரை திருத்தும் கட்டளைக் கருவிகளில் முன்நோக்கு கிடையாது.

அப்புறம், புள்ளி பொதுவாகப் புதுவரியைத் தாண்டாது. பல வரிகள் இருந்தால், புள்ளியைப் புதுவரிக்கும் பொருந்தச் செய்யும் டாட்ஆல் (dotall) கொடியைப் போடுங்கள், இல்லையென்றால் முழுச் சரத்தின் கடைசி எண் வராமல் போகலாம்.

பைத்தான் மாதிரி மொழியில் இருந்தால் இவ்வளவு வித்தையே வேண்டாம்: ஃபைண்ட்ஆல் (findall) மூலம் எல்லாவற்றையும் எடுத்து, பட்டியல் காலியில்லை என்று பார்த்துவிட்டு, கடைசி உறுப்பைத் தரும் [-1] போட்டால் போதும்.