விஞ்ஞானப் பெயர் மறக்குதோ? வளவுக்குள்ள இறங்கிப் பாருங்கோ

ஏ.எல் பயோ படிக்கிற பிள்ளையள், விஞ்ஞானப் பெயரை அர்த்தம் தெரியாம பாடமாக்காதேங்கோ. லத்தீனில ‘ஃபெர்’ எண்டா தாங்கிறது, அது தெரிஞ்சாலே எங்கட வளவில பாதி மரம் முடிஞ்சுது. பனை, பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர், விசிறி தாங்கினது, 1753 இல சுவீடன் தாவரவியலாளர் லினேயஸ் வச்ச பெயர், ஓலையைப் பாருங்கோ விசிறியேதான். தென்னை கோகோஸ் நியூசிஃபெரா, கொட்டை தாங்கினது. எனக்கு நல்ல விருப்பம் முருங்கைதான், மொரிங்கா ஒலிஃபெரா, மொரிங்கா எண்டுறதே எங்கட முருங்கையில இருந்து போன சொல்லு, ஒலிஃபெரா எண்டா எண்ணெய் தாங்கினது எண்டு அர்த்தம், முத்தின விதையை உடைச்சு நகத்தால நசிச்சா எண்ணெய்ப் பசை விரலில ஒட்டும்.

எழுதேக்க முதல் சொல்லான சாதிப்பெயருக்கு முதலெழுத்து கபிட்டல், ரெண்டாவது சொல்லான இனப்பெயர் முழுக்க சிம்பிள், ரெண்டுக்கும் தனித்தனியா அடிக்கோடு, ஒரே கோடா இழுத்துப்போடாதேங்கோ.