ஒலி கூட்டும் போன் இருந்தும் பேச்சு புரியாவிட்டால்

காது மந்தமானவருக்கு ஒலி கூட்டும் போன் வாங்கி வைத்தும் "ஒண்ணும் புரியல" என்றால், முதலில் லேண்ட்லைன் கம்பியைப் பாருங்கள். 40 டெசிபெல் கூட்டும் போன் இரைச்சலையும் சேர்த்தே கூட்டும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஒரு வீட்டில், சுவரில் போன் லைன் வந்து சேரும் பெட்டிக்குள் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது; கரகரப்புக்கு அதுதான் காரணம். முனையை வெட்டி, ஒரு சென்டிமீட்டர் புதுச் செம்பு தெரியச் சீவி, திருகை இறுக்கியதும் லைன் அமைதியானது. ஈரக் கையோடு தொடவே கூடாது. லைனில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் உண்டு, மணி அடிக்கும்போது இன்னும் ஏறும்.

அடுத்தது டோன், அதாவது ஒலியைக் கூர்மையாகவோ கனமாகவோ மாற்றும் போன் திருகி. வயதால் வரும் காது மந்தத்தில் கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். 'சேலம்' என்றால் 'ஏலம்' என்று காதில் விழும். சத்தத்தை மட்டும் ஏற்றினால் 'ஏலம்' பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். டோனைக் கூர்மைப் பக்கம் திருப்பிய பிறகே சத்தத்தைக் கூட்டுங்கள்.

காதுக்குப் பின்னால் மாட்டும் காது கேட்கும் கருவி என்றால் அதன் மைக் காதின் மேல்புறம் இருக்கும். ரிசீவரைக் காது ஓட்டையில் அழுத்தாமல், சற்று மேலே, விரல் இடைவெளி விட்டுப் பிடித்தால் கீச்சொலி நிற்கும். கருவியில் டெலிகாயில் (மைக் இல்லாமல் போனின் காந்தப் புலத்தை நேரே பிடிக்கும் சுருள்) இருந்தால் அதுவே மேல். ஆனால் இன்வெர்ட்டர் பக்கத்தில் இருந்தால் அது உறுமும், போனை இன்வெர்ட்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.

பல போன்களில் ரிசீவரை வைத்ததும் கூடுதல் சத்தம் தானே அணைந்துவிடும், அடுத்து எடுப்பவர் காதைக் காக்க. கூடுதல் சத்தத்தை மீண்டும் போடும் பொத்தானில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டால் தாத்தா, பாட்டி தாங்களே அழுத்திக்கொள்வார்கள்.