எல்பிரஸ் ஏற சிங்கப்பூரில் தயாராவது எப்படி?

காக்கசஸ் மலைத்தொடரின் எல்பிரஸுக்கு இரட்டைச் சிகரம். மேற்கே 5642 மீட்டர், கிழக்கே 5621. நம் புக்கிட் தீமா குன்றோ 163 மீட்டர்தான். கால்வலுவை இங்கேயே தேடிக்கொள்ளலாம். மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகுவது மட்டும் அங்கே போய்த்தான் நடக்கும். அதனால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்பதற்காகப் பயண நாள்களைக் குறைக்காதீர்கள்.

தெற்கு வழியில் அசாவிலிருந்து (2350 மீ) கராபாஷி (3847 மீ) வரை கம்பிவட ஊர்தி உண்டு. வடக்கு வழியில் அந்த வசதி இல்லை, மூட்டையைச் சுமந்தே ஏற வேண்டும். வடக்குச் சரிவிலுள்ள லென்ஸ் (Lenz) பாறைகளை ஒட்டிக் கிழக்குச் சிகரத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போவார்கள். முதல் தடவைக்குத் தெற்கு வழியும் மேற்குச் சிகரமும் போதும். ஜூலை, ஆகஸ்ட் நல்ல பருவம்.

பயிற்சிக்கு நான்கு மாதம் ஒதுக்குங்கள். வாரம் இரண்டு நாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டு, சனிக்கிழமை புக்கிட் தீமாவில் ஐந்து மணி நேரம். ஒரு மாடி ஏறக்குறைய 2.8 மீட்டர் என்றால் 40 மாடிக்கு 112 மீட்டர். சிகரம் ஏறும் நாளில், தெற்கு வழியிலுள்ள பாஸ்துகோவ் பாறைகளுக்கு மேலே (4700 மீ) மிச்சமிருப்பது 940 மீட்டர், அதாவது அதே புளோக்கை எட்டுத் தடவைக்கு மேல் ஏறும் உயரம். முதல் மாதம் வெறும் முதுகு, பிறகு பையில் 5 கிலோ அரிசி, கடைசியில் 12 கிலோ. பலர் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிவிடுகிறார்கள். முழங்காலுக்கு இதம்தான், ஆனால் மலையில் இறங்கும்போது தொடை நடுங்குவதும் இதனால்தான். மூன்றில் ஒரு தடவையாவது சுமையைக் குறைத்துக்கொண்டு நடந்து இறங்குங்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

கிராம்பானை (பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் முள்சட்டம்) வீட்டிலேயே உங்கள் பூட்ஸில் மாட்டிப் பாருங்கள். நடுக்கம்பியின் நீளத்தைக் காலணி அளவுக்குச் சரிசெய்து, பின்பிடி 'டக்'கென்று இறுக வேண்டும். காலை உதறினாலும் அசையக் கூடாது. வாரின் மிச்ச நுனி தொங்கினால் மற்றக் காலின் முள்ளில் மாட்டி ஆளைக் கவிழ்த்துவிடும், மடித்துச் செருகுங்கள். இதையெல்லாம் தடித்த கையுறையோடு, இருட்டில், பத்துத் தடவை செய்து பழகுங்கள்.

அங்கே போனதும் இரண்டு இரவு பள்ளத்தாக்கில் தங்கி, பகலில் 3000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குங்கள். பிறகு கராபாஷிக் குடிலுக்கு மாறி, ஒரு நாள் பாஸ்துகோவ் வரை போய்த் திரும்பி, மறுநாள் முழு ஓய்வு. வானிலைக்காக இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே போகாதீர்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, நள்ளிரவானாலும் உடனே இறங்க வேண்டும். உடல் நல்ல கட்டில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள், வேகமாக ஏற முடிகிறதே என்று ஏறிவிடுகிறார்கள்.

சிகர நாளில் விடியற்காலை இரண்டு மணிக்குள் கிளம்புங்கள். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள், தண்ணீர் மேற்பரப்பில்தான் முதலில் உறையும், வாய் அடைக்காது. மதியம் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள். பிற்பகலில் மேகம் மூடும். இரு சிகரங்களுக்கு நடுவிலுள்ள சேடில் என்ற தாழ்வான பகுதியிலிருந்து, ஏறி வந்த தடத்தை விட்டு, குறுக்குவழி என்று நேராகக் கீழே இறங்கினால் பனிப்பிளவுகள். தடத்தில் நட்டிருக்கும் அடுத்த அடையாளக் கொடி தெரியாவிட்டால் ஒருவர் கடைசிக் கொடியிலேயே நிற்க, மற்றவர் அடுத்ததைத் தேடட்டும்.