பெண்களுக்கான சிறு பாய்மரப் படகுப் போட்டி: முதல் முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் கிளப்பிலோ கல்லூரியிலோ பத்துப் பதினைந்து பெண்கள் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுவிட்டார்கள், அவர்களுக்கென்று ஒரு ரெகாட்டா வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நல்ல எண்ணம், தள்ளிப்போடாமல் வையுங்கள். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வந்ததே 1988 சியோலில்தான். அதற்கு முன் ஆண்களோடு கலந்து ஓட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்று சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் போய்வந்துவிட்டார். வர்ஷா கௌதம் 2018 ஆசிய விளையாட்டில் ஸ்வேதா ஷெர்வேகருடன் வெள்ளி வாங்கினார். அவர்களைப் பார்த்துப் படகேறும் பெண்களுக்கு உள்ளூரில் அடிக்கடி போட்டி வேண்டும்.

ரெகாட்டா என்பது ஒரே ஓட்டத்தில் முடிவதில்லை. இரண்டு மூன்று நாட்களில் ஐந்தாறு ஓட்டங்கள் ஓடி, எல்லாப் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றியாளரைச் சொல்வோம். அதை மனத்தில் வைத்துத் தொடங்குவோம்.

படி 1: படகை முடிவு செய்யுங்கள்

எல்லோருக்கும் ஒரே வகைப் படகு இருக்க வேண்டும். அப்போதுதான் முதலில் வருபவர் திறமையால் வந்தார் என்று சொல்ல முடியும். தனியாக ஓட்டும் படகு என்றால் ஐஎல்சிஏ போதும் (பழைய பெயர் லேசர்). படகின் உடல் 4.23 மீட்டர் நீளம், சுமார் 59 கிலோ. இதில் ஒரு வசதி என்னவென்றால், அதே உடலில் பாயையும் பாய்மரத்தின் கீழ்த் துண்டையும் மட்டும் மாற்றிப் பெரிதாகவும் சிறிதாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஐஎல்சிஏ 4-இன் பாய் 4.7 சதுர மீட்டர், 6-க்கு 5.76, 7-க்கு 7.06. ஏறத்தாழ 55 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 4, அதிலிருந்து 70 வரை 6 என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெண்களின் ஒலிம்பிக் தனிநபர் படகு 2008 முதல் இந்த 6-தான். கிளப்பில் ஆண்கள் ஓட்டும் 7 நின்றுகொண்டிருந்தால், முழுப் படகு வாங்க வேண்டியதில்லை.

எட்டுப் படகுதான் இருக்கிறது, பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் இரண்டு அணியாகப் பிரித்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் குலுக்கல் போட்டுப் படகை மாற்றுங்கள். நல்ல படகு ஒருவரிடமே தங்கிவிடக் கூடாது.

படி 2: தேதி, காற்று, ஊர்

சென்னைப் பக்கம் கோடையில் காலையில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று அடிக்கும். முற்பகலில் அது சோர்ந்து நின்றுவிடும். அப்புறம் நண்பகலை ஒட்டிக் கடல்காற்று ஏறி வரும். காற்று நின்றுபோகும் அந்த இடைவெளியில் பெண்களைக் கடலில் உட்கார வைக்காதீர்கள். பதினோரு மணிக்குப் படகோட்டிகளின் கூட்டம், பன்னிரண்டரைக்குத் தண்ணீரில் இறங்குவது, ஒரு மணிக்கு முதல் ஓட்டம் என்று வைத்தால் சரியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் பெரிய அலையும் வரும் காலம். முதல் போட்டிக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

துறைமுகத்துக்குள் நடத்தினால் துறைமுக அதிகாரிகளின் அனுமதியும், திறந்த கடலில் நடத்தினால் கடலோரக் காவல் குழுமத்துக்குத் தகவலும் வேண்டும். அதோடு, பக்கத்து மீனவ ஊருக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆனால் சிறிய ஃபைபர் படகுகள் போகும், வலையும் விரிப்பார்கள். போட்டிப் பாதையைக் காட்ட நீங்கள் போடும் மிதவை எங்கே வருகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே காட்டிவிட்டால் அவர்கள் வலையும் தப்பும், உங்கள் படகின் சுக்கானும் தப்பும். அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர்களைவிட அதை அறிந்தவர்கள் இல்லை.

படி 3: இரண்டு தாள்கள்

முதல் தாள் போட்டி அறிவிப்பு. யார் கலந்துகொள்ளலாம், எந்தப் படகு, எத்தனை ஓட்டம், கட்டணம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் இதெல்லாம் அதில் இருக்கும். ஒரு மாதம் முன்பே வெளியிடுங்கள். இரண்டாவது ஓட்டக் குறிப்பு. பாதையின் படம், மிதவைகளின் நிறம், கொடிகள், நேர வரம்பு ஆகியவை இதில் வரும். இரண்டிலும் முதல் வரி ஒன்றேதான்: உலகப் பாய்மரப் படகு அமைப்பான வேர்ல்டு செய்லிங்கின் ஓட்ட விதிகள் இந்தப் போட்டிக்குப் பொருந்தும். அந்த விதிகளை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2025–2028 பதிப்பு. பழைய பதிப்பிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள், விதி எண்கள் மாறியிருக்கின்றன.

படி 4: ஆட்களும் கரையும்

ஓட்டத்தை நடத்தும் ரேஸ் ஆபீசர் ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், கொடி ஏற்ற ஒருவர், வந்த வரிசையை எழுத இருவர், மிதவை போடும் படகில் இருவர். புகார்களை விசாரிக்கக் குறைந்தது மூவர். மீட்புப் படகு எனக்குப் பத்துப் பேருக்கு ஒன்று வேண்டும், புதியவர்கள் என்றால் ஆறு பேருக்கு ஒன்று. தண்ணீரில் ஆள் கிடக்கும்போது கிட்டே வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்று மீட்புப் படகோட்டிக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த வேலைகளில் பாதியாவது பெண்கள் கையில் இருக்கட்டும். போட்டி பெண்களுக்கு, கொடி ஏற்றுவதும் தீர்ப்புச் சொல்வதும் ஆண்கள் மட்டும் என்றால், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறோம். முதல் தடவை என்றால் அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் நிற்க வையுங்கள். இரண்டாம் நாள் அவர்களே விசில் ஊதுவார்கள்.

கரையில் கழிப்பறை, உடை மாற்றும் அறை, நாப்கின், குடிநீர் நான்கும் கட்டாயம். கழிப்பறை சரியில்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் கடலில் இருக்கும்போது அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரையும் தண்ணீரில் வைக்காதீர்கள், நடுவே கரைக்கு வர ஓர் இடைவேளை விடுங்கள். முழுக்கை, முழுக்கால் உடையில் ஓட்ட விரும்புபவர்கள் தாராளமாக ஓட்டலாம். விதியில் அதற்குத் தடையே இல்லை, அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொருவருக்கும் போட்டுப் பாருங்கள். தோளில் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறுகிறதா? அப்படியானால் அது அவருக்குப் பெரிது. கிளப்புகளில் பெரும்பாலும் ஆண்கள் அளவுதான் இருக்கும், சிறிய அளவுகளை முன்கூட்டியே தேடி வையுங்கள்.

எண் போட்ட டோக்கன் பலகை ஒன்று செய்யுங்கள். இறங்கும்போது டோக்கனை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு, திரும்பியதும் மாட்டிவிட வேண்டும். சாயங்காலம் பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால், யார் இன்னும் கடலில் என்று உடனே தெரிந்துவிடும்.

படி 5: நான்கு விதிகளைச் சொல்லிக்கொடுங்கள்

விதிப் புத்தகம் பெரியது. முதல் போட்டிக்கு நான்கு போதும். மேசையில் தீப்பெட்டிகளை நகர்த்திக் காட்டினால் அரை மணியில் புரிந்துவிடும்.

காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தால் உங்கள் படகு ஸ்டார்போர்டு டேக்கில் இருக்கிறது, இடப்பக்கத்திலிருந்து வந்தால் போர்ட் டேக்கில். எதிரெதிர் டேக்கில் இருவர் சந்தித்தால் போர்ட்டில் இருப்பவர் விலக வேண்டும். இருவரும் ஒரே டேக்கில் பக்கத்தில் பக்கத்தில் போனால், காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். ஒரே டேக்கில் முன்னும் பின்னுமாக இருந்தால் பின்னால் வருபவர் விலக வேண்டும். நான்காவது மிதவையைப் பற்றியது. மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஒன்றையொன்று ஒட்டியபடி அந்த வட்டத்துக்குள் வந்தால், உள்பக்கம் இருப்பவருக்குத் திரும்ப இடம் விட வேண்டும். (எதிரெதிர் டேக்கில் காற்றை எதிர்த்து வரும்போது இது பொருந்தாது, அதை அடுத்த வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.)

உரிமை யாருக்கு இருந்தாலும் மோதலைத் தவிர்ப்பது இருவர் பொறுப்பும்தான். ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது எல்லாவற்றுக்கும் முதல் விதி. உதவப் போய் இடம் இழந்தால் விசாரணைக் குழுவிடம் ஈடு கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படகை ஆட்டியோ பாயை விசிறிபோல் அடித்தோ வேகம் கூட்டக் கூடாது.

தவறு செய்தது தனக்கே தெரிந்தால், உடனே மற்றவர்களிடமிருந்து விலகிப் போய் ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. சாதாரணத் தவறுக்கு இப்படிச் சுற்றிவிட்டால் கணக்கு நேர்.

படி 6: கத்தப் பழக்குங்கள்

எனக்கு மிகவும் முக்கியமான படி இதுதான். இந்த விளையாட்டில் நடுவர் விசில் ஊதி யாரையும் நிறுத்துவதில்லை. உரிமை மீறப்பட்டவர்தான் "புரொட்டெஸ்ட்!" என்று அந்த நொடியே கத்த வேண்டும். ஆறு மீட்டருக்குக் குறைந்த படகில் சிவப்புக் கொடிகூடத் தேவையில்லை, குரல் போதும். ஆனால் கத்தாவிட்டால் புகார் செல்லாது.

ஒரு போட்டியில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஸ்டார்போர்டில் வந்தாள். எதிரே போர்ட்டில் வந்தவர் விலகவில்லை. இவள் மோதாமல் திரும்பினாள், நான்கு இடம் பின்னால் போனாள். கரைக்கு வந்து கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: "அக்கா, கத்தினா சண்டைக்காரின்னு நினைப்பாங்களோன்னு விட்டுட்டேன்." என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் சத்தம் போடாதே என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்குப் படகில் ஏறியதும் குரல் தானாக வந்துவிடாது. அதற்கும் பயிற்சி வேண்டும்.

அதனால் முந்தின நாள் எல்லோரையும் கரையில் இரண்டு வரிசையாக எதிரெதிரே நடக்க விடுங்கள். வலப்பக்க வரிசை "ஸ்டார்போர்டு!" என்று கத்தட்டும், மற்றது விலகட்டும். விலகாதவரைப் பார்த்து "புரொட்டெஸ்ட்!" என்று கத்தட்டும். முதல் சுற்றில் வெட்கப்படுவார்கள். மூன்றாம் சுற்றில் கடற்கரையே திரும்பிப் பார்க்கும். புரொட்டெஸ்ட் என்பது சண்டை இல்லை, விதி கொடுத்திருக்கும் ஒரு வழி என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

கரைக்கு வந்ததும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விதிப்படி கடைசிப் படகு முடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் அவகாசம் உண்டு. ஓட்டக் குறிப்பில் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். விசாரணையில் இருவரும் எதிரில் இருக்க வேண்டும், இருவரும் பேச வேண்டும், சாட்சியைக் கேள்வி கேட்கலாம். தீர்ப்போடு காரணத்தையும் சொல்லுங்கள். தோற்றவருக்கு அது நல்ல பாடமாக இருக்கும்.

படி 7: பாதையும் தொடக்கமும்

புதியவர்களுக்குக் காற்றை எதிர்த்து ஒரு மிதவை, காற்றோடு திரும்பி வர ஒரு மிதவை, இரண்டு சுற்று. மிதவைகளை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றுவது வழக்கம். இரண்டுக்கும் நடுவே 700 மீட்டர் வைத்தால் மிதமான காற்றில் ஓர் ஓட்டம் அரை மணி நேரத்தில் முடியும்.

தொடக்கக் கோடு காற்றுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். நீளத்துக்கு ஒரு கணக்கு: இருபது படகு, ஒவ்வொன்றும் 4.23 மீட்டர் என்றால் 85 மீட்டர். அதோடு கால் பங்கு சேர்த்தால் 106. புதியவர்களுக்கு 120 கொடுங்கள், நெருக்கடி குறையும்.

ஐந்து நிமிடம் இருக்கும்போது படகு வகையின் கொடி, ஓர் ஒலி. நான்கு நிமிடத்தில் 'பி' (P) கொடி (நீலத்தில் வெள்ளைச் சதுரம்), ஓர் ஒலி. ஒரு நிமிடத்தில் 'பி' இறங்கும், நீண்ட ஒலி. பூஜ்யத்தில் வகைக் கொடி இறங்கும், ஓர் ஒலி, ஓட்டம் தொடங்கியது. ஒலி வராமல் போனாலும் கொடிதான் கணக்கு.

யாராவது முந்திப் போயிருந்தால் 'எக்ஸ்' கொடி (வெள்ளையில் நீலச் சிலுவை), ஓர் ஒலி. அவர் கோட்டுக்குப் பின்னால் முழுதாக வந்து மீண்டும் தொடங்க வேண்டும். யார் என்றே தெரியாத அளவுக்குப் பலர் முந்தினால் நீலத்தில் மஞ்சள் முக்கோணக் கொடி, இரண்டு ஒலி, எல்லோரும் திரும்ப. தள்ளிவைக்கச் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடி, இரண்டு ஒலி. அதை இறக்கிய ஒரு நிமிடம் கழித்து ஐந்து நிமிடக் கணக்கு மறுபடி தொடங்கும். ஓட்டத்தையே கைவிட நீல வெள்ளைக் கட்டக் கொடி, மூன்று ஒலி.

காற்றின் வேகம் ஐந்து 'நாட்'டுக்கு (மணிக்கு ஐந்து கடல் மைல்) கீழே இருந்தால் நான் தொடங்க மாட்டேன், புதியவர்களுக்குப் பதினைந்துக்கு மேல் போனாலும் நிறுத்திவிடுவேன். கரையில் பெற்றோர் காத்திருக்கிறார்கள், விருந்தினர் வந்துவிட்டார் என்பதெல்லாம் தொடங்குவதற்குக் காரணம் ஆகாது.

படி 8: புள்ளிகள்

முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும், குறைந்த புள்ளி வாங்கியவர் வெற்றியாளர். முடிக்காதவர், முந்திப் போய்த் திரும்பாதவர், தகுதி இழந்தவர் ஆகியோருக்குப் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையோடு ஒன்று. பதினெட்டுப் பேர் போட்டியில் ஒருவர் 2, 1, 4, 19, 3 என்று வாங்கினால், மோசமான 19-ஐக் கழித்துவிட்டு 10. எத்தனை ஓட்டத்துக்குப் பின் கழிக்கலாம் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். சமநிலை என்றால் இருவரின் புள்ளிகளையும் சிறந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே குறைவாக வைத்திருப்பவர் முன்னால். அப்போதும் தீராவிட்டால் கடைசி ஓட்டத்தில் முன்னால் வந்தவர்.

ஒவ்வொரு நாளும் முடிவுத் தாளைப் பலகையில் ஒட்டி, ஒட்டிய நேரத்தையும் எழுதுங்கள். புகார் விசாரணை எல்லாம் முடிந்த பிறகுதான் பரிசு. அதற்கு முன் படகுகளை நல்ல தண்ணீரில் கழுவி, பாய்களைக் காயவைத்து, டோக்கன் பலகையை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.