உயிர்ப்பூட்டிய கரி எவ்வளவு மாசைப் பிடிக்கும்: அளந்து கணிக்கும் முறை

உயிர்ப்பூட்டிய கரி என்பது நீரிலுள்ள மாசைத் தன் மேற்பரப்பில் பிடிக்கும், நுண்துளைகள் நிறைந்த கரியாகும். சிரட்டையிலிருந்து செய்யப்படும் நல்ல உயிர்ப்பூட்டிய கரியின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் மேற்பரப்பு அடங்கியிருக்கும். அதில் மாசு எவ்வளவு ஒட்டும் என்பது கரியின் தரத்தை மட்டுமன்றி, நீரில் எஞ்சியுள்ள மாசின் செறிவையும் பொறுத்தது. மாறாத வெப்பநிலையில் கரியில் ஒட்டிய அளவுக்கும் நீரில் எஞ்சிய செறிவுக்கும் உள்ள தொடர்பே புறத்துறிஞ்சல் சமவெப்பக்கோடு ஆகும்.

எந்த மாசைக் கணிக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கிழக்கிலங்கையின் கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர மணற்பாங்கான ஊர்களின் ஆழங்குறைந்த கிணறுகளில் உவர்ப்பும் நைத்திரேற்றும் கவலை தருவன. ஆனால் சாதாரண உயிர்ப்பூட்டிய கரி இவ்விரண்டையும் அகற்றாது. நிறம், மணம், குளோரீன், வயலிலிருந்து வரும் சேதனப் (காபன் சேர்வையான) பீடைகொல்லிகள் பல ஆகியவற்றை அகற்றுவதே அதன் வேலை. வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வுத்திட்டம் செய்யும் மாணவர் மெதிலீன் நீலம் என்ற சாயத்தில் தொடங்குவது நன்று. 664 நனோமீற்றர் அலைநீளத்தில் அதன் செறிவை, கரைசல் உறிஞ்சும் ஒளியை அளக்கும் நிறமாலை ஒளிமானியால் எளிதாக அளக்கலாம்.

கரியைக் கழுவி, 105 பாகை செல்சியசில் உலர்த்தி, சம அளவு கரைசல் கொண்ட குடுவைகளில் வெவ்வேறு நிறைகளில் இட்டுக் குலுக்க வேண்டும். நிறைகளைத் தெரிவதில்தான் பரிசோதனையின் வெற்றி தங்கியுள்ளது: கரி மிகுந்தால் எல்லாக் குடுவைகளிலும் நீர் தெளிந்து அளப்பதற்கு ஒன்றும் எஞ்சாது, குறைந்தால் செறிவு மாறியதா என்றே சொல்ல முடியாது. ஆகவே ஒரு முன்னோட்டம் செய்து, இறுதிச் செறிவுகள் தொடக்கச் செறிவின் பத்தில் ஒன்று முதல் பத்தில் ஒன்பது வரை பரவுமாறு நிறைகளை அமைக்க வேண்டும். கரியிடாத குடுவை ஒன்றும் அவசியம். கண்ணாடியும் வடிதாளும்கூடச் சாயத்தைப் பிடிக்கும். 24 மணி நேரத்தில் அளந்த செறிவு 48 மணி நேரத்திலும் மாறாதிருந்தால் சமநிலை வந்துவிட்டது எனக் கொள்ளலாம். நமது ஆய்வுகூடங்களில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை மாறுவதால், குலுக்கியை 30 பாகையில் நிலைநிறுத்துவது நல்லது.

கணக்கு எளிது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் சாயமுள்ள 100 மில்லிலீற்றர் கரைசலில் 0.05 கிராம் கரியிட்டபின் செறிவு 10 ஆகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இழந்த 40ஐ 0.1 லீற்றரால் பெருக்கி 0.05ஆல் வகுத்தால், ஒரு கிராம் கரி 80 மில்லிகிராம் பிடித்திருக்கிறது. பிடித்த அளவு, எஞ்சிய செறிவை ஓர் அடுக்குக்கு உயர்த்தி ஒரு மாறிலியால் பெருக்கியதற்குச் சமம் என்பதே புரொயின்ட்லிச் சமன்பாடு. இவ்வாறு எல்லாக் குடுவைகளுக்கும் கண்டு, பிடித்த அளவின் மடக்கையை எஞ்சிய செறிவின் மடக்கைக்கு எதிரே வரைபாக்கினால், இச்சமன்பாடு பொருந்தும் கரிக்கு நேர்கோடு கிடைக்கும். அதன் படித்திறன் அடுக்கையும், வெட்டுத்துண்டு மாறிலியின் மடக்கையையும் தரும். ஒற்றைப் படலமாக ஒட்டுதலைக் கருதும் லாங்மியர் சமன்பாட்டையும் பொருத்திப் பார்க்கலாமெனினும், துளைகள் பலவிதமான இக்கரிக்குப் புரொயின்ட்லிச் சமன்பாடு பல வேளைகளில் நன்கு பொருந்தும். மடக்கை எடுப்பது பிழைகளின் எடையைத் திரித்துவிடும். ஆதலால் நேர்கோட்டு விடையைத் தொடக்கமாகக் கொண்டு, எக்செல்லின் சொல்வர் வசதியால் மூலச் சமன்பாட்டையே நேரடியாகப் பொருத்துவது சிறந்தது.

மாறிலி 40, அடுக்கு 0.3 என வந்ததாகக் கொள்வோம். 1000 லீற்றர்த் தாங்கியில் செறிவை 50இலிருந்து 1 ஆகக் குறைக்க வேண்டுமாயின், ஒரு குடுவையில் கண்ட 80ஐ நம்பிப் பலர் 610 கிராம் போதும் என்பர். ஆனால் எஞ்சிய செறிவு 1 ஆக இருக்கும்போது ஒரு கிராம் கரி பிடிப்பது 40 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே தேவை ஏறத்தாழ 1225 கிராம். அதே நீரைக் கரி நிரப்பிய குழாயான நிரல் வழியே மெதுவாகச் செலுத்தினால், நுழைவாயிலிலுள்ள கரி எப்போதும் 50 என்ற செறிவையே சந்தித்து 129 வரை பிடிக்கும். கொள்கையளவில் 390 கிராம் அளவே போதும். நடைமுறையில் கரி முழுவதும் நிறையுமுன்பே மாசு வெளியேறத் தொடங்கும் என்பதால் இந்த அளவைக் கீழெல்லையாகவே கொள்ள வேண்டும்.

சாயத்துக்குக் கண்ட மாறிலிகள் பீடைகொல்லிக்குப் பொருந்தா. வாவியோரக் கிணற்று நீரில் கரைந்துள்ள இயற்கைச் சேதனப் பொருட்களும் துளைகளுக்குப் போட்டியிடும். எனவே வடித்த நீரில் பெற்ற சமவெப்பக்கோட்டை அப்படியே பயன்படுத்தாமல், அதே கிணற்று நீரில் மாசைக் கரைத்துப் பரிசோதனையை மீண்டும் செய்து, அந்த மாறிலிகளைக் கொண்டே வடிகட்டியின் அளவைக் கணிக்க வேண்டும்.