வெள்ளம் வடிஞ்ச பிறகு கிணத்தை எப்பிடித் துப்புரவாக்குறது (அவசரப்பட்டு இறைச்சுப் போடாதீங்க)

கிணத்துக்குள்ள வெள்ளம் இறங்கிட்டு என்டா நம்மட ஆக்கள் முதல் வேலையா வோட்டர் பம்ப் வாடகைக்குத் தேடி ஓடுறதுதான், அதத்தான் வேணாம் என்டு சொல்ல வாறன். மழை நின்டு ரோட்டு தெரியத் தொடங்கினா எல்லாருக்கும் ஆபத்து முடிஞ்ச மாதிரி ஒரு நினைப்பு வந்திடுது, ஆனா வருத்தம் வாறது அதுக்குப் பிறகு வாற ரெண்டு மூணு கிழமைக்குள்ளதான். தண்ணியால, சேத்தால, நுளம்பால, கரண்ட் இல்லாததால நாமளே மூட்டுற புகையால.

என்ட வீடு மட்டக்களப்பில களுவாஞ்சிக்குடிப் பக்கம், மனிசிட ஊர் வாவிக்கு அங்கால வெல்லாவெளி. பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடத் தொடங்கினா மாமா வீட்டுக் கிணத்துக் கட்டு மூழ்கப் போகுது என்டு அர்த்தம். 2011 ஜனவரி வெள்ளம் வடிஞ்சு நானும் மச்சானும் போய் எட்டிப் பாத்தா கிணத்துத் தண்ணி தேத்தண்ணிக் கலர்ல நிக்குது, மேல நெல்லுச் சாவி மிதக்குது, ஒரு பக்கம் மாட்டுச் சாணி, செத்த எலி ஒன்டு வயிறு ஊதிக் கிடக்கு. பக்கத்து வளவுக் கக்கூஸ் குழியும் அதே வெள்ளத்துக்குள்ளதான் நாலு நாள் கிடந்தது. அதையெல்லாம் ஒரே நாள்ல இறைச்சு ஊத்திடணும் என்டுதான் எங்களுக்கும் கை துறுதுறுத்தது. அண்டைக்கு மாமா மறிச்சார், நல்ல காலம்.

ஏன் மறிச்சார் என்டா, வெள்ளம் வடிஞ்ச உடனே நிலம் முழுக்க ஊறிப் போய் நிக்கும். நீங்க கிணத்தை வெறுமையாக்கினா உள்ளுக்க முட்டுக்குடுக்கத் தண்ணி இல்ல, வெளியால இருந்து ஊறின மண்ணும் தண்ணியும் சேர்ந்து நெருக்கும், சீமெந்து வளையம் விலகும், இல்லாட்டி அடியால மணல் பொங்கிக் கிணறு தூந்து போகும். அந்த முறை ரெண்டு வளவு தள்ளி ஒரு வீட்டில அவசரப்பட்டு இறைச்சு வளையம் சரிஞ்சு புதுக் கிணறுதான் வெட்ட வேண்டி வந்தது. அதனால முதல்ல பொறுங்க. கிணத்துத் தண்ணி வழமையா அந்த மாசத்தில நிக்கிற மட்டத்துக்கு இறங்கட்டும், வளவுக்குள்ள கால் புதையாம நடக்கலாம் என்டு வரட்டும். அதுவரைக்கும் பவுசர்ல வாற தண்ணி, இல்லாட்டி வெள்ளம் ஏறாத வீட்டுத் தண்ணி, எதுவா இருந்தாலும் குடிக்கிறதுக்குக் கொதிக்க வைங்க. சூடாகினா காணாது, பெரிய குமிழி வந்து தளதளவென்டு ஒரு நிமிசம் கொதிக்கணும்.

எழுவான்கரைப் பக்கம், அதாவது கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற ஆக்களுக்கு இன்னொரு விசயம் இருக்கு. கல்லாறு, களுதாவளை, ஆரையம்பதி, காத்தான்குடி, அங்கால அம்பாறைக் கரையில கல்முனை, திருக்கோவில், எல்லா இடமும் நமக்குக் கிடைக்கிற நல்ல தண்ணி மழைத்தண்ணிதான், அது மணலுக்குள்ள இறங்கிக் கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல ஒரு படையா மிதந்துகொண்டு நிக்குது. நீங்க மேல இருக்கிற நல்லதை வேகமா உறிஞ்சினா கீழ இருக்கிற உவர் மேல ஏறி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள்ல இதான் நடந்தது. உப்பு ஏறிட்டு என்டு ஆக்கள் திரும்பத் திரும்ப வெறுமையாக்கினாங்க, உதவிக்கு வந்த ஆக்களும் பெரிய பம்ப் போட்டு இறைச்சாங்க, எங்கட சித்தப்பாட கிணறும் அதில ஒன்டு, எத்தினை தரம் இறைச்சும் உவர் போகல்ல. கடைசியில அதைக் கழுவினது மாரி மழைதான். அதனால கரையோரத்தில இருக்கிறவங்க அடி காணுற வரைக்கும் இறைக்கவே கூடாது.

அப்ப எப்பிடி இறைக்கிறது? சின்ன பம்ப் காணும். நிக்கிற தண்ணியில மூணுல ஒரு பங்கு இறைங்க, நிப்பாட்டுங்க, ஊறி வரட்டும், மறுகா அடுத்த நாள் ஒருக்கா. மூணு நாலு நாள் இப்பிடிச் செய்தா கலங்கல் குறைஞ்சு கொண்டு வாறது கண்ணுக்கே தெரியும். உறிஞ்சு குழாயை அடியில முட்ட விடாதீங்க, சேத்தைக் கிளப்பி விடும். மிதக்கிற குப்பை, செத்தது கிடந்தா அது, எல்லாத்தையும் பம்ப் போட முதலே கம்பில வலை கட்டி அள்ளிப் போடுங்க. இறைக்கிற தண்ணியைக் கிணத்தடியிலயே ஊத்தினா அதே தண்ணிதான் திரும்ப உள்ள வரும், அதனால நீளக் குழாய் போட்டுப் பள்ளப் பக்கமா, கக்கூஸ் குழிக்கும் படாம, தூரமா விடுங்க. உள் வளையத்தைப் பிரஷ்ஷால தேய்க்கணும், கயிறு, வாளி எல்லாம் கழுவணும், பழைய கயிறு என்டா எறிஞ்சிடுங்க.

இப்ப சொல்லப் போறதை வடிவா வாசிங்க, இது உயிர் போற விசயம். பெற்றோல் பம்ப்போ டீசல் பம்ப்போ, எஞ்சினைக் கிணத்துக்குள்ள இறக்கக் கூடாது. படுவான்கரைப் பக்கம், அதாவது வாவிக்கு மேற்கால, ஆழமான கிணறுகள்ல தண்ணி உறிஞ்சுதில்ல என்டு ஒரு தட்டுக் கட்டி எஞ்சினைக் கீழ இறக்கி ஓட விடுற பழக்கம் இருக்கு, அந்த எஞ்சின் புகையில காபன் மொனொக்சைட் என்ட வாயு வரும், நிறமும் இல்ல மணமும் இல்ல, கிணத்துக்குள்ள காத்தோட்டம் இல்லாததால அங்கயே தேங்கி நிக்கும். இறங்கின ஆள் மயங்கி விழுவார், காப்பாத்த இறங்கினவரும் விழுவார். மெழுகுதிரி இறக்கிப் பாத்தம், அணையல்ல, அப்ப காத்து நல்லம் என்டு நினைக்காதீங்க, ஒட்சிசன் இருந்தாத் திரி எரியும், இந்த வாயு கூட இருந்தாலும் எரியும். எஞ்சின் மேலதான், அதுவும் புகை கிணத்துப் பக்கம் போகாத மாதிரிக் காத்துப் பாத்து வைங்க. யாராவது உள்ள விழுந்திட்டா ஆக்களைக் கூப்பிடுங்க, கயிறு கட்டாம ஒருத்தரும் பின்னால குதிக்காதீங்க.

சரி, குளோரின். பீஎச்ஐ ஐயாட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டா, இல்லாட்டி எம்ஓஎச் ஒபிசில (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம்) போய்க் கேட்டா, தூள் தருவாங்க, சில நேரம் வந்து போட்டும் தருவாங்க. அவங்க ஒரு அளவு சொன்னா அந்த அளவுதான். நீங்களே போடுறதா இருந்தா முதல்ல கிணத்தில எவ்வளவு தண்ணி நிக்குது என்டு கணக்குப் பாக்கணும். கயித்தில கல்லைக் கட்டி இறக்கி, நனைஞ்ச அளவைப் பாத்தா தண்ணிட ஆழம் தெரியும். கிணத்துட அகலத்தை அடியில எடுத்து அதை அதாலயே பெருக்குங்க, தண்ணிட ஆழத்தால பெருக்குங்க, வாறதை 22ஆல பெருக்குங்க, அதான் லீற்றர் கணக்கு. 4 அடி அகலம், 6 அடி தண்ணி என்டா 4 தர 4 தர 6, 96, அதை 22ஆல பெருக்கினா 2100 லீற்றர் மட்டில வரும். சக்தி கூடின தூள் (குளோரின் 70 வீதம் மட்டில) என்டா 1000 லீற்றருக்கு 25 கிராம், சாதாரண பிளீச்சிங் பவுடர் (30 வீதம் மட்டில) என்டா 1000க்கு 60 கிராம் வரைக்கும். அப்ப இந்தக் கிணத்துக்கு முதல் சாமான் 50 கிராம் சொச்சம், ரெண்டாவது சாமான் 125 கிராம். கரண்டிக் கணக்கை நம்பாதீங்க, கடைத் தராசில நிறுத்து எடுங்க. கனநாள் திறந்து கிடந்த பக்கற் என்டா சக்தி செத்திருக்கும், புதுசாப் பாருங்க.

பிளாஸ்டிக் வாளியில தண்ணி எடுத்து அதுக்குள்ள தூளைப் போடணும், தூளுக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது. வெளியில நின்டு, காத்து முதுகுக்கு அடிக்கிற மாதிரி நின்டு கலக்குங்க. கக்கூஸ் கழுவுற அசிட் எதுவும் பக்கத்தில வேணாம், ரெண்டும் சேர்ந்தா வாற வாயு நெஞ்சை அடைக்கும். அரை மணித்தியாலம் அடைய விட்டு மேல தெளிஞ்சதை மட்டும் கிணத்தைச் சுத்தி ஊத்துங்க, அடியில நிக்கிற சுண்ணாம்பு வேணாம். வாளியை இறக்கி ஏத்தி நல்லாக் கலக்கிட்டு ஒரு ராத்திரி விட்டிடுங்க, குறைஞ்சது அரை மணித்தியாலமாவது. ஒருத்தரும் அள்ளாம கிணத்தை மூடி வைங்க, சின்னப் புள்ளைகளுக்குச் சொல்லி வைங்க. அடுத்த நாள் காலைல மணம் நல்லாக் குறையிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு ஊத்துங்க, அந்தத் தண்ணியை மரக்கறிப் பாத்திக்கோ குளத்துக்கோ விடாதீங்க. தண்ணி கலங்கலா இருக்கும்போது போட்டா குளோரின் சேத்தோடயே செலவழிஞ்சிடும், தெளிஞ்ச பிறகுதான் போடணும். இவ்வளவும் செய்தாலும் அந்த மாரி முடியிற வரைக்கும் குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் குடிங்க, ஏனென்டா குளோரினுக்குச் சாகாத ஒட்டுண்ணியும் இருக்கு, கொதிக்க வைச்சா அதுவும் சாகும்.

இந்த வேலை செய்யிற ஆளைப் பத்தி இப்ப. மச்சான் அந்த முறை வெறுங்காலோட சேத்துக்குள்ள நின்டார், குதிக்கால்ல ஒரு வெடிப்பு வேற. ஒன்பதாம் நாள் காய்ச்சல். தடிமன் காய்ச்சல் என்டு ரெண்டு நாள் படுத்திருந்தார். கெண்டைக்காலைத் தொட்டா அலறுறார், கக்கூசுக்கு நடந்து போக ஏலாது, கண் ரெண்டும் சிவந்து போச்சு, ஆனா பீளை இல்ல. மாமி அதப் பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னா. எலிக்காய்ச்சல். எலிட, மாட்டுட, எருமைட சலத்தில வாற கிருமி, வெள்ளத்தில கலந்து காயத்தாலயும், ஊறின தோலாலயும், கண் மூக்காலயும் உள்ள போகும். ரெண்டு நாள்ல இருந்து ஒரு மாசத்துக்குள்ள எப்பவும் வரலாம், கூடுதலா ஒன்டு ரெண்டு கிழமையில. 2008ல மட்டும் இலங்கை முழுக்க 7000 பேருக்கு மேல சந்தேகத்தில பதிவானாங்க. பிந்தினா சிறுநீரகத்தைப் பிடிக்கும், சலம் குறையும், கண் மஞ்சளாகும். மச்சான் தப்பினார், ஆனா ஒரு கிழமை வார்ட்டில.

அதனால பூட்ஸ் போடுங்க, கிளவுஸ் போடுங்க, காயம் இருந்தா இறங்காதீங்க. வயல் வட்டைக்குள்ள இறங்குற ஆக்களுக்கும் வெள்ளத்துக்குள்ள வேலை செய்யிறவங்களுக்கும் டொக்சிசைக்ளின் என்ட குளிசை கிழமைக்கு 200 மில்லிகிராம், பீஎச்ஐ ஊடாக் காசில்லாமத் தருவாங்க, சாப்பிட்டுப் போட்டுத்தான் குடிக்கணும். கர்ப்பிணி ஆக்களும் சின்னப் புள்ளைகளும் டொக்டரைக் கேக்காமக் குடிக்கக் கூடாது. காய்ச்சல் வந்தா பனடோல் (பரசிற்றமோல்) மட்டும், வேற நோவுக் குளிசை வேணாம், அது டெங்குவா இருந்தா ரத்தம் கசியும். டொக்டர்ட்ட போனா வெள்ளத்துக்குள்ள நின்டன் என்டு நீங்களாச் சொல்லுங்க, அந்த ஒரு சொல்லை வைச்சுத்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

வெறுங்கால் என்டா கொக்கிப் புழுவும் இருக்கு. கக்கூஸ் குழி பொங்கின ஈரமணல்ல அதுட குஞ்சுகள் நிக்கும், பாதத் தோலாலயே ஏறிக் குடலுக்குப் போய் ரத்தம் குடிக்கும், புள்ளைகள் வெளிறிச் சோர்ந்து போறது அதாலயும்தான். செருப்பில்லாம முத்தத்தில விளையாட விடாதீங்க, பூச்சிக் குளிசை குடுத்து எவ்வளவு நாளாச்சு என்டும் யோசிச்சுப் பாருங்க. புதுசாக் குழி வெட்டுறதா இருந்தா கிணத்தில இருந்து 50 அடியாவது தள்ளி, பள்ளப் பக்கமா.

கரண்ட் இல்லாத நாள்ல ஜெனரேட்டரை மழைக்கு நனையும் என்டு விறாந்தையிலயோ குசினியிலயோ வைக்கிறாங்க, கிணத்துக்குள்ள சொன்ன அதே வாயுதான், இஞ்ச புள்ளைகள் நித்திரையில இருக்கும். வீட்டில இருந்து 20 அடியாவது தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கமா வைச்சு மேல தகரம் ஒன்டைப் பிடிங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்தில தலையிடியும் சத்தியும் வந்தா சாப்பாட்டைச் சந்தேகப்படாம முதல்ல எல்லாரையும் வெளியில கூட்டிக்கொண்டு வாங்க. ஈர விறகுப் புகையும் சின்ன விசயம் இல்ல, அடுப்புப் புகையாலயும் வீட்டுக்குள்ள எரிக்கிற எரிபொருளாலயும் 2020ல மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதைக் கூடுதலாச் சுவாசிக்கிறது அடுப்படியில நிக்கிற அம்மாவும் இடுப்பில இருக்கிற புள்ளையும்தான். மாரி வர முதலே சிரட்டையும் காஞ்ச மட்டையும் ஒரு மாசத்துக்குக் காணக்கூடிய மாதிரிப் பரணில ஏத்தி வைங்க.

நுளம்புக்கு அதிகம் சொல்லத் தேவையில்ல, சிரட்டை, டயர், குரும்பை, எல்லாருக்கும் தெரியும், கிழமைக்கு ஒருக்காக் கவிழ்த்து விடுங்க. கிணத்தை மட்டும் மறந்திடுவாங்க. 2016ல மலேரியா இல்லாத நாடு என்டு நமக்குச் சான்று கிடைச்சது, அதுக்குக் கொஞ்ச நாள்ல மன்னாரில கிணத்துத் தண்ணியில பெருகுற புது மலேரியா நுளம்பு ஒன்டைக் கண்டுபிடிச்சாங்க. கிணத்துக்கு மேல சின்னக் கண் வலை இழுத்துக் கட்டுங்க, தண்ணி அள்ளுறதுக்கு ஒரு மூலையில கொழுவி மாதிரி வைச்சாக் காணும். குளோரின் மணம் முழுசாப் போன பிறகு நுளம்புப் புழுவைத் தின்னுற கப்பி மீன் விடலாம், முதலே விட்டா செத்துடும்.

கடைசியா கிணத்துக் கட்டு. தண்ணி எவ்வளவு ஏறினது என்டு சுவர்ல அடையாளம் அழிய முதலே ஒரு கோடு போட்டு வைங்க, அதுக்கு ஒண்டரை அடி மேல கட்டை உசத்தி, சுத்தி மூணடிக்குச் சீமெந்து போட்டுத் தண்ணி வெளியால வழிஞ்சு ஓடுற மாதிரிச் சரிவு விடுங்க. மாமா வீட்டில 2011ல குசினிச் சுவர்ல கரியால போட்ட கோடு இன்னும் கிடக்கு, சுண்ணாம்பு அடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுட்டுத்தான் அடிப்பார், இப்ப கிணத்துக் கட்டு அந்தக் கோட்டுக்கு மேல நிக்குது.