சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகத்தை எழுதுவது எப்படி

ஒரு சூப்பர் ஹீரோ படம் வெற்றி பெற்றதும் அதன் இரண்டாம் பாகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று கேள்விகளில் தொடங்கிவிடுகிறது: வில்லன் யார், பட்ஜெட் எவ்வளவு, புதிதாக யார் நடிக்கிறார்கள். மூன்றும் அவசியமான கேள்விகளே. ஆனால் கதை முடிவான பிறகு கேட்க வேண்டியவை. குறும்படமோ காமிக்ஸோ முழுநீளப் படமோ, இரண்டாம் பாகம் எழுத உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை வேறு. முதல் படத்தின் கடைசி இருபது நிமிடங்களைத் திரும்பப் பார்த்து, நாயகன் யாரிடம் என்ன கடன் வைத்துவிட்டுப் போனான் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். யாரிடம் எதை மறைத்தான், யாருடைய அன்பைத் திருப்பி அனுப்பினான், அவன் வென்றதால் யார் வாழ்க்கை உடைந்தது, அவன் செய்த எந்தச் செயலுக்கு இன்னும் விலை கொடுக்கவில்லை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டால், அந்தத் தாளே இரண்டாம் பாகத்தின் கதைச்சுருக்கம்.

சாம் ரெய்மி இயக்கிய ‘ஸ்பைடர்-மேன்’ படங்களை வைத்து இதைப் பயின்று பார்க்கலாம். 2002இல் வந்த முதல் படம் முடியும்போது பீட்டர் பார்க்கருக்கு மூன்று கடன்கள் இருக்கின்றன. தான் தப்பவிட்ட திருடனே சித்தப்பா பென்னின் சாவுக்குக் காரணம் என்பதை அவன் மே சித்தியிடம் சொல்லவில்லை. தன்னை நேசிப்பதாகச் சொன்ன மேரி ஜேனிடம் நட்பு மட்டுமே தர முடியும் என்று பொய்யாக விலகிக்கொண்டான். நண்பன் ஹாரியோ, தன் தந்தையைக் கொன்றவன் ஸ்பைடர்-மேன் என்று நம்பிப் பழிவாங்கச் சபதம் செய்திருக்கிறான். 2004இல் வெளியான ‘ஸ்பைடர்-மேன் 2’ புதிதாக எதையும் கண்டுபிடிக்க அவசரப்படாமல் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக வசூலிக்கிறது. மேரி ஜேன் வேறொருவருடன் திருமணத்துக்குத் தயாராகிறாள். ஹாரி முகமூடியை அகற்றி நண்பனின் முகத்தைப் பார்க்கிறான். பீட்டர் தன் சித்தியின் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லும்போது, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் கையை விலக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். அந்தப் படத்தின் சண்டைகளுக்குச் சற்றும் குறையாமல் ரசிகர்கள் இன்றும் பேசுவது இந்தச் சமையலறைக் காட்சியைத்தான் என்பதைத் திரைக்கதை எழுதுகிறவர் மறந்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகளாக அந்த உண்மையை ரசிகரும் பீட்டரோடு சேர்ந்து சுமந்திருந்தார்.

கடன் பட்டியல் தயாரானதும், அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். ‘ஸ்பைடர்-மேன் 2’ கேட்கும் கேள்வி, கடமைக்காக ஒருவன் தன் கனவை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்க முடியும் என்பது. பீட்டர் வாடகை கொடுக்க முடியாமல் தவிப்பதும், பீட்சா கொண்டுசேர்க்கும் வேலையை இழப்பதும், ஒரு கட்டத்தில் கையிலிருந்து வலையே வராமல் போவதும், உடையைக் குப்பையில் போட்டுவிட்டு நடப்பதும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே. உடையைக் குப்பைத் தொட்டியில் விட்டுச் செல்லும் அந்தக் காட்சி, 1967இல் ஸ்டான் லீயும் ஜான் ரொமிட்டாவும் உருவாக்கிய ‘தி அமேசிங் ஸ்பைடர்-மேன்’ காமிக்ஸின் ஐம்பதாவது இதழிலிருந்து எடுக்கப்பட்டது. காமிக்ஸ் படித்தவர் அதை அடையாளம் கண்டு மகிழ்வார். படிக்காதவருக்கும் அந்த இடத்தில் எதுவும் புரியாமல் போகாது. மூலக்கதையிலிருந்து எதை எடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

வில்லனைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இப்போதுதான். நாயகனைவிட அவன் பலசாலியா என்பதைவிட, நாயகனிடம் கேட்கப்படும் அதே கேள்விக்கு அவன் வேறு பதில் வைத்திருக்கிறானா என்று பாருங்கள். ‘ஸ்பைடர்-மேன் 2’ படத்தின் வில்லனான விஞ்ஞானி டாக்டர் ஆக்டோபஸ் தன் அணுச்சேர்க்கைக் கனவை விடமாட்டேன் என்கிறவர். அதற்காக மனைவியையும் ஏற்கெனவே இழந்துவிட்டவர். மே சித்தியிடம் கற்றுக்கொண்ட பாடத்தை, நமக்கு மிகவும் பிடித்த கனவையும் சில நேரம் விட்டுவிட வேண்டும் என்பதை, பீட்டர் கிளைமாக்ஸில் அவரிடம் சொல்கிறான். அவர் தன் கண்டுபிடிப்பைத் தானே ஆற்றில் அமிழ்த்துகிறார். இங்கே வில்லன் தோற்பது ஒரு குத்தினால் அல்ல, வாதத்தினால். டாக்டர் ஆக்டோபஸாக நடித்த ஆல்ஃபிரெட் மொலினாவை 2021இல் ‘ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்’ படத்துக்கு அதே பாத்திரத்தில் திரும்ப அழைத்ததற்கும் ரசிகர்கள் அவரை ஆரவாரத்தோடு வரவேற்றதற்கும், அவருடைய நடிப்போடு இந்தக் கட்டமைப்பும் காரணம் என்றே நினைக்கிறேன்.

கிறிஸ்டோபர் நோலன் இதையே வேறு வழியில் செய்தார். 2005இன் ‘பேட்மேன் பிகின்ஸ்’ கடைசிக் காட்சியில் காவல் அதிகாரி கோர்டன், நாம் ஆயுதத்தைப் பெரிதாக்கினால் அவர்களும் பெரிதாக்குவார்கள் என்ற கவலையைச் சொல்லிவிட்டு ஒரு ஜோக்கர் சீட்டை நீட்டுகிறார். 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தின் ஜோக்கர், பேட்மேன் என்ற ஒருவன் இருப்பதாலேயே அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த விளைவு. நகரத்துக்கு முகமூடி தேவைப்படாத நாள் வந்தால் சேர்ந்து வாழலாம் என்று ரேச்சல் முதல் படத்தில் கொடுத்திருந்த நம்பிக்கையும் இங்கே வசூலுக்கு வருகிறது: அந்த நாளைக் கொண்டுவரக்கூடிய அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டையே அவள் விரும்புகிறாள், பிறகு இறந்தும் போகிறாள். ரேச்சலாக நடித்தவர் மாறியிருந்தும், கேட்டி ஹோம்ஸுக்குப் பதில் மேகி ஜில்லென்ஹால் வந்திருந்தும், கதை தடம்புரளவில்லை. முகம் மாறினாலும் கணக்கு மாறவில்லை. உலக அளவில் நூறு கோடி டாலரைத் தாண்டிய அந்தப் படம், ஹீத் லெட்ஜருக்கு அவர் மறைந்த பின் ஆஸ்கர் விருதையும் பெற்றுத் தந்தது.

விலை உண்மையானதாக இருக்க வேண்டும். படம் முடியும்போது நாயகனின் உலகம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டால், இரண்டரை மணி நேரம் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ரசிகர் உணர்வார். 2014இன் ‘கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்’ படத்தில், ஸ்டீவ் ரோஜர்ஸ் நம்பிப் பணியாற்றிய ஷீல்டு அமைப்பே இடிந்து விழுகிறது, முதல் படத்தில் ரயிலிலிருந்து விழுந்து இறந்ததாக அவன் எண்ணிய நண்பன் பக்கி, எதிரியின் ஆயுதமாகத் திரும்பி வருகிறான். ‘தோர்: ராக்னராக்’ படத்தில் இயக்குநர் டைகா வைட்டிட்டி நகைச்சுவையை அள்ளித் தெளித்திருந்தாலும் தோரின் சுத்தியல், தலைமுடி, ஒரு கண், கடைசியில் பிறந்த நாடு வரை பறித்துவிடுகிறார். அவ்வளவு சிரிப்பை அந்தப் படம் தாங்கியது அந்த இழப்புகளின் பலத்தில்தான். எதிர்மாறான உதாரணம் பழையது: 1980இல் வெளியான ‘சூப்பர்மேன் 2’ படத்தில் காதலுக்காகச் சக்தியையே துறக்கிற அருமையான கட்டம் இருந்தும், இறுதியில் ஒரு முத்தத்தால் லோயிஸின் நினைவு அழிக்கப்படுகிறது. படம் பிடிக்கும் என்பவர்கள்கூட அந்த முத்தத்துக்குச் சமாதானம் தேடுவார்கள்.

எது கெடுக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் தவறு, பழைய கடனையே திருத்தி எழுதுவது. 2007இன் ‘ஸ்பைடர்-மேன் 3’ படத்தில் சித்தப்பாவைச் சுட்டது சாண்ட்மேன் என்று புதிதாகச் சொல்லப்பட்டபோது, பீட்டரின் குற்றவுணர்ச்சி, அதாவது இரண்டு படங்களைத் தாங்கி நின்ற அடித்தளம், தளர்ந்துவிட்டது. அதோடு மூன்று வில்லன்கள். எல்லாப் பாத்திரங்களிலும் தமக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்று ரெய்மியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். வசூலில் இது இரண்டாம் பாகத்தைவிட அதிகம் ஈட்டிய படம் என்பதையும் கவனிக்க வேண்டும். முந்தைய படம் சம்பாதித்த நம்பிக்கைதான் அடுத்த படத்தின் ஓப்பனிங்காக மாறுகிறது. ஆகவே ரசிகர்களிடம் ஒரு பாகம் வென்றதா என்பதை முதல் வார வசூலை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. ரெய்மியின் நான்காம் பாகம் கைவிடப்பட்டு, 2012இல் எல்லாம் புதிதாகத் தொடங்கப்பட்டது.

இரண்டாவது தவறு, இந்தப் படத்தை எழுதாமல் அடுத்த படங்களை எழுதுவது. 2014இன் ‘தி அமேசிங் ஸ்பைடர்-மேன் 2’, ஆறு வில்லன்கள் சேரும் வேறொரு படத்துக்கு விதை தூவுவதில் நேரத்தைச் செலவிட்டது. அந்தப் படம் வரவே இல்லை. ‘தி மார்வெல்ஸ்’ 2023இல் வந்தபோது, அதன் மூன்று நாயகிகளில் மோனிகா ராம்போ சக்தி பெற்ற கதையும் கமலா கானின் முழுக் கதையும் தனித்தனி இணையத்தொடர்களில் இருந்தன. 2019இல் நூறு கோடி டாலரைக் கடந்த ஒரு படத்தின் தொடர்ச்சி, மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே மிகக் குறைந்த வசூலோடு நின்றது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் முதல் படத்தை மட்டும் பார்த்தவர் உங்கள் கதையைத் தடையின்றிப் பின்தொடர முடிகிறதா என்ற சோதனையை ஒவ்வொரு வரைவிலும் செய்யுங்கள்.

மூன்றாவது சற்று நுட்பமானது. ரசிகர்களைக் கேள்வி கேட்கலாம், குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. 2024இன் ‘ஜோக்கர்’ இரண்டாம் பாகம், நீதிமன்றத்தில் ஜோக்கராக மாறிய ஆர்தரை நிறுத்தியதோடு, அவனைக் கொண்டாடியவர்களையும் சேர்த்து விசாரித்தது. கலைத் துணிச்சல் என்ற முறையில் எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் முதல் படம் தானே வளர்த்த ஈர்ப்புக்குப் பார்வையாளரை மட்டும் பொறுப்பாக்கியது நியாயமாகத் தோன்றவில்லை. வெளியான அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் எடுக்கப்பட்ட சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்கு ‘டி’ என்ற மதிப்பெண்ணே கிடைத்தது.

ரசிகர்களுக்காகவே வைக்கப்படும் காட்சிகள் தவறானவை அல்ல. பழைய நடிகர் திரும்பி வருவது, பழைய இசை ஒலிப்பது, காமிக்ஸில் புகழ்பெற்ற ஓர் அசைவு திரையில் உயிர்பெறுவது ஆகியவற்றை வைக்கும் முன், அவை எந்தக் கடனைத் தீர்க்கின்றன என்று கேளுங்கள். ‘நோ வே ஹோம்’ படத்தில், ‘தி அமேசிங் ஸ்பைடர்-மேன்’ படங்களின் நாயகனான ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் பீட்டர் தோன்றியதற்கே திரையரங்குகள் அதிர்ந்தன. ஆனால் உயரத்திலிருந்து விழும் அந்தப் படத்தின் நாயகி எம்ஜேவை அவன் பிடிக்கும்போது நிகழ்வது வேறு. 2014இல் அவனால் காப்பாற்ற முடியாமல் போன காதலி க்வென்னுக்கான பாக்கி அது. பிடித்த பிறகு அவன் கண் கலங்குவதற்கு யாரும் விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை.

தமிழில் பார்க்கிறவர்களுக்குத் தொடர்ச்சி என்பதில் குரலும் அடங்கும். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தபோது இணையத்தில் எழுந்த எதிர்ப்பு, அந்த நடிகர் மீதான வெறுப்பிலிருந்து வந்ததல்ல, பல படங்களாகப் பழகிய டோனி ஸ்டார்க்கின் குரல் கடைசி நேரத்தில் மாறியதே அதன் வேர். டப்பிங் வசனம் எழுதுகிறவர்களும் முந்தைய பாகத்தின் வசனத் தாள்களை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பாத்திரம் மற்றொன்றை ‘நீ’ என்று அழைத்ததா ‘நீங்க’ என்று அழைத்ததா என்பது வரை ரசிகர் நினைவில் வைத்திருப்பார்.

கடைசியாக, அடுத்த பாகத்துக்கான கொக்கி. அதை இந்தப் படத்தில் தீராமல் மிஞ்சிய கடனிலிருந்து மட்டுமே செய்யுங்கள். ‘ஸ்பைடர்-மேன் 2’ முடிவில் கண்ணாடியை உடைத்து, தந்தையின் ரகசிய அறையை ஹாரி கண்டுபிடிப்பது அப்படிப்பட்டது: அந்தப் பழி முதல் படத்திலிருந்தே கதையில் இருக்கிறது, புதிய முகம் எதுவும் தேவைப்படவில்லை. பெயர்கள் ஓடி முடிந்தபின் ஒரு காட்சி வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டால் அதைத் தனித் தாளில் எழுதுங்கள். பின்னர் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுத் திரைக்கதையை முதலிலிருந்து படித்துப் பாருங்கள். எங்காவது கதை புரியாமல் போனால், சரிசெய்ய வேண்டியது உள்ளே இருக்கும் பக்கங்களைத்தான்.